அஞ்சறைப் பெட்டியில் கிளிப், காபி ஃபில்டரில் பேனா

எவர்சில்வர் டம்ளரில் அழகாகப் பூப்போட்ட பேப்பரை ஒட்டி, மேலே வார்னிஷும் அடித்து மேசையில் வைத்திருப்பார்கள். மூன்று மாதம் கழித்து விளிம்பில் நகம் பட்டால் போதும், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும். பேப்பர் மட்டம், பசை மட்டம் என்று பழி அவற்றின் மேல் விழும். கழன்று வந்த தோலைத் திருப்பிப் பாருங்கள். பேப்பரின் அடியில் வெள்ளை பெயின்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். டம்ளர் மட்டும் பளபளவென்று மொட்டையாக நிற்கும். பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பெயின்ட்தான் உலோகத்தைப் பிடிக்கவில்லை.

வேண்டிய படத்தைப் பேப்பரில் வெட்டி எடுத்து, ஒரு பொருளின் மேல் ஒட்டி, மேலே வார்னிஷ் ஏற்றி ஏற்றி, படம் அந்தப் பொருளிலேயே வரைந்தது போலத் தெரியவைப்பதுதான் டெகூபாஜ். வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் கைவினைஞர்கள், விலை அதிகமான கீழைநாட்டு அரக்குச் சாமான்களைப் போலவே தங்கள் மரச்சாமான்களும் தெரிய வேண்டும் என்று அச்சுப் படங்களை ஒட்டி வார்னிஷ் பூசினார்கள். அதற்கு 'லாக்கா போவெரா', அதாவது ஏழையின் அரக்கு என்று பெயர். அவர்கள் ஒட்டியது மரத்தில். மரம் பசையைக் குடிக்கும், பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். நம் பரணில் கிடப்பவையோ எவர்சில்வர், அலுமினியம், தகரம். இவை எதையும் குடிப்பதில்லை. அதனால் நம் ஊர்ப் பாத்திரத்தில் இந்த வேலையில் முக்கால் பங்கு உலோகத்தைத் தயார் செய்வது. பேப்பர் கடைசியாக வருகிற விருந்தாளி.

எதைத் தொடக்கூடாது

பித்தளை டபரா, வெண்கலப் பானை, செம்பு, ஈயச்சொம்பு இவற்றின் மேல் பேப்பர் ஒட்டாதீர்கள். புளி போட்டுத் தேய்த்தால் மின்னுகிற பித்தளையை மூடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. பேனா போட வேண்டுமா, அப்படியே போடுங்கள். பழைய ஊறுகாய் ஜாடிக்கும் இதேதான். பழுப்பும் வெள்ளையுமான அந்தப் பீங்கானுக்கு அதன் நிறமே அழகு. இன்னொரு காரணமும் உண்டு. வருஷக்கணக்கில் உப்பு ஊறிய ஜாடியில், மேல்பூச்சின் மயிரிழை விரிசல்கள் வழியாக உப்பு உள்ளே இறங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது வெளியே பூத்து, மேலே என்ன பூசியிருந்தாலும் தள்ளிவிடும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை, இனி அடுப்படிக்குத் திரும்பாதவை: மூடி தொலைந்த சம்படம், அடி நசுங்கிய டம்ளர், கம்பி உடைந்த டிபன் கேரியரின் தனி அடுக்கு, துரு ஏறிய பிஸ்கட் டின், எனாமல் பெயர்ந்த மக், வளைந்த இட்லித் தட்டு, கீழ்ப்பாத்திரம் ஒழுகும் காபி ஃபில்டர். ஒருமுறை பெயின்டும் பசையும் ஏறிவிட்டால் அது சாப்பாட்டுப் பாத்திரம் இல்லை. திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகவே கூடாது.

உலோகத்துக்கு உலோகம் வைத்தியம் வேறு

முதலில் பிசுக்கு. அடுப்பங்கரையில் பல வருஷம் இருந்த டப்பாவில் எண்ணெய்ப்புகை படிந்து, இறுகி, தேன் நிறத்தில் ஒரு மெழுகுப் படலமாக இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற டப்பாவிலும் விரலை அழுத்தி இழுத்தால் விரல் திக்கும். எவர்சில்வருக்கும் எனாமலுக்கும் ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். அலுமினியத்தைச் சோடாப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். காரம் அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் நாரும், பிறகு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டு ஒரு தேய்ப்பும் போதும்.

எவர்சில்வரின் எதிரி அதன் வழவழப்பு. 180 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். எவ்வளவு நேரம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. பாத்திரத்தில் உங்கள் முகம் தெரியாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். முகம் மறைந்து, பரப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் மங்கினால் நிறுத்தலாம். தூசியைத் தட்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகாமல் வரும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அதன்பின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல்ரேகையில் இருக்கிற எண்ணெயே பெயின்ட் உரிய ஆரம்பிக்கும் இடம்.

பிரைமர் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் 'இரும்புக்கு பிரைமர்' என்று கேட்டால் ரெட் ஆக்சைடு கொடுப்பார்கள். தகர டின்னுக்கு அது சரியான மருந்து. எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் அது சரியாகப் பிடிக்காது. அவற்றுக்கு எட்ச் பிரைமர் என்று கார் பெயின்ட் விற்கும் கடைகளில் கிடைப்பதைக் கேளுங்கள். அதில் இருக்கும் அமிலம் உலோகத்தின் மேற்பரப்பை லேசாகக் கடித்து, பெயின்டுக்குப் பிடிமானம் உண்டாக்கும். மொட்டைமாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய ஒரே கோட் போதும். தடிமனாக அடித்தால் பிடிமானம் கூடாது, குறையும். அலுமினியத்தைத் தேய்த்த அன்றே அடித்துவிடுங்கள். காற்றுப் பட்டதுமே அதன் மேல் ஆக்சைடு படலம் திரும்ப வளரத் தொடங்கிவிடும்.

தகர டின்னில் துரு இருந்தால் துரு உள்ள இடத்தில் மட்டும் வினிகரில் நனைத்த துணியைப் போர்த்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலிலோ ஹேர் டிரையரிலோ ஈரம் போகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் புதுத்துரு மஞ்சளாகப் பூத்துவிடும். அன்றைக்கே ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, ஓர் இரவு காயவிடுங்கள். டின்னின் மூட்டுக்கோடு, மடித்த விளிம்பு, அடிப்பக்கப் பள்ளம் ஆகிய மூன்று இடத்திலும் பிரஷ் நுனியால் குத்திக் குத்தி பிரைமரை ஏற்றுங்கள். நாம் பயன்படுத்தும் பசையில் தண்ணீர் இருக்கிறது. பிரைமர் படாத இரும்பில் அது பட்டால் ஒரு வாரத்தில் பேப்பரின் மேல் தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளி வரும். வந்தபிறகு அதற்கு மருந்து கிடையாது.

எனாமல் மக்கில் பெயர்ந்த ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டும். எபாக்சிப் பிசினை, கடைகளில் எம்-சீல் என்று கேட்டால் கிடைக்கும், பிசைந்து அடைத்து, காய்ந்ததும் மட்டமாகத் தேயுங்கள். பழைய டின்களின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அவற்றை உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளையே பயன்படுத்துங்கள். அந்தக் கழிவுநீர் சமையலறைத் தொட்டிக்குப் போகக்கூடாது, குழந்தைகளும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பிரைமருக்கு மேல் வெள்ளை அக்ரிலிக் இரண்டு கோட். ரெட் ஆக்சைடுக்கு மேல் என்றால் மூன்று. ஒரு நாள் காயவிட்டு, பேப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரத்தின் அடியில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீறினால் 25 குட்டிக் கட்டங்கள் வரும். அதன்மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பில் ஒன்றிரண்டு துணுக்குக்கு மேல் வந்தால், தயவுசெய்து அத்தனையையும் சுரண்டிவிட்டு உப்புத்தாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த அரை நாள் உழைப்பு போனால் போகட்டும். மேலே படம் ஒட்டி வார்னிஷும் ஏற்றியபின் உரிந்தால் ஒரு வாரம் வீண்.

எந்தப் பேப்பர்

மூன்றடுக்கு டிஷ்யூ நாப்கின்தான் வளைந்த பாத்திரத்துக்கு மிக நல்லது. அச்சடித்த மேல் அடுக்கை மட்டும் பிரித்து எடுங்கள். மூலையில் செலோடேப்பை ஒட்டி இழுத்தால் அடுக்குகள் எளிதாகப் பிரியும். இரண்டு வெள்ளை அடுக்கையும் எடுத்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மிச்சமிருந்தால் மேல் அடுக்கு பசையில் நழுவிச் சுருங்கும். மேல் அடுக்கு ஒட்டியதும் கண்ணாடி போல ஆகிவிடும். அடியில் என்ன நிறமோ அது தெரியும். வெள்ளை அடிப்பூச்சு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நம் வீடுகளில் சும்மா கிடைப்பது சிவகாசி காலண்டர். தினசரி கிழிக்கும் தாள் மெல்லியது, தேதி எழுத்துகள் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நியூஸ்பிரின்ட் நனைந்தால் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். பின்புறம் வெள்ளை பெயின்டை மெலிதாக ஒரு கோட் பூசிக் காயவைத்து ஒட்டினால் அது தெரியாது. மாத காலண்டரின் வழவழ ஆர்ட் பேப்பர் தடிமனானது, விளிம்பில் எழும்பிக்கொண்டே இருக்கும். அதைத் தட்டையான மூடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாமி படம் இருக்கும் தாளைக் கத்தரிக்கோல் குத்தி வைக்கும் இடத்தில் ஒட்ட எனக்கு மனம் ஒப்பாது. ஓரப் பூவேலையை மட்டும் வெட்டி எடுப்பது நல்லது.

மேசைச் சாமானுக்கு ஏற்ற படங்கள் என்றால் எனக்குத் தீப்பெட்டி லேபிள்கள்தான். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துப் பழைய லேபிள்களின் சிவப்பும் மஞ்சளும், மானும் சாவியும் கப்பலும், ஒரு சின்னச் சம்படத்தின் அளவுக்கென்றே செய்தது போல இருக்கும். அசல் லேபிள் கையில் இருந்தால் அதை ஆல்பத்தில் பத்திரப்படுத்துங்கள். கலர் லேசர் பிரின்ட் எடுத்து அதை ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் வேண்டாம், பசையின் ஈரம் பட்டதும் சாயம் கரைந்து ஓடும். லேசர் பிரின்டில் மை உருகி ஒட்டியிருக்கும், அதனால் கரையாது.

பசைக்கு ஃபெவிக்கால் போதும். டிஷ்யூவுக்கு மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர், பிரின்ட் எடுத்த பேப்பருக்குத் தண்ணீர் கலக்காமல் மெல்லிய பூச்சு. வீட்டில் மைதா பசை காய்ச்சாதீர்கள். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் வேலைக்காரர்கள் மைதாவில் மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகத்துக்கு அது சரி. தகர டின்னில் வெறும் இரும்பு எங்காவது தெரிந்தால் மயில்துத்தம் அங்கே இரும்பை அரித்துச் செம்பைப் படியவைக்கும்.

டம்ளர் ஏன் கோணலாகிறது

மேல் அகன்று கீழ் குறுகிய டம்ளரில் நேர்ப்பட்டையாக வெட்டிய பேப்பரைச் சுற்றினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அதற்கு வில் வடிவில் வெட்ட வேண்டும். வாய் விட்டம் 8 செ.மீ., அடி விட்டம் 6 செ.மீ., சரிவு உயரம் 10 செ.மீ. உள்ள டம்ளரை எடுத்துக்கொள்வோம். சரிவு உயரத்தை வாய் விட்டத்தால் பெருக்கி, இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வெளி வில்லின் ஆரம் கிடைக்கும்: 10 × 8 ÷ 2 = 40 செ.மீ. அதிலிருந்து 10 கழித்தால் உள் வில்லின் ஆரம் 30 செ.மீ. கோணம் 36 பாகை. நூலில் பென்சிலைக் கட்டி இரண்டு வில்லையும் வரைந்து வெட்டுங்கள். கணக்கு வேண்டாம் என்றால் பெரிய தாளில் டம்ளரைப் படுக்கவைத்து உருட்டி, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் போகிற பாதையைப் பென்சிலால் தொடர்ந்தாலும் இதே வடிவம் வரும்.

முழுசாக ஒரே துண்டாக ஒட்டுவதைவிட 18 பாகையில் இரண்டு பாதியாக ஒட்டுவது எளிது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்ட ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். பேப்பரை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாகச் சுருளும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். எளிதாகச் சுருளும் திசையே டம்ளரைச் சுற்றிவர வேண்டும்.

சுருக்கம் விழுவதற்குக் காரணம், நனைந்த பேப்பர் விரிகிறது. பாதி ஒட்டியபின் விரிந்தால் அந்தக் கூடுதல் எங்கும் போக வழியில்லாமல் மடிப்பாகிறது. அதனால் பிரின்ட் பேப்பரை முதலிலேயே ஈர ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். விரிய வேண்டியது விரிந்து முடியட்டும். பிறகு பழைய துண்டில் ஒற்றி எடுத்து, பாத்திரத்தில் பசை பூசி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிக்கொண்டே வாருங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு நீவினால் பேப்பர் கிழியாது. டிஷ்யூவை நனைக்கக்கூடாது, நனைந்தால் கரைந்துவிடும். பாத்திரத்தில் பசை பூசி, ஒட்டும் பதத்துக்கு வந்தபின் டிஷ்யூவை மேலிருந்து மெல்ல இறக்கி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி அமர்த்துங்கள். இழுக்கவே கூடாது.

வயிறு பெருத்த சொம்பு, தூக்கு மாதிரி வடிவங்களில் முழுத்தாள் ஒருநாளும் அமராது. 2 செ.மீ. அகலப் பட்டைகளாகவோ, கையால் கிழித்த துண்டுகளாகவோ ஒட்டுங்கள். கிழித்த விளிம்பு மெலிந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் தெரியாது. கத்தரித்த விளிம்பு கோடாகத் தெரியும்.

அஞ்சறைப் பெட்டியும் இட்லித் தட்டும்

மேசைக்கென்றே பிறந்த பாத்திரம் அஞ்சறைப் பெட்டி. வட்டமான எவர்சில்வர் பெட்டியில் ஏழு கிண்ணம்: பின், கிளிப், ரப்பர், மெமரி கார்டு, ஸ்டேப்ளர் பின், புஷ்பின், பென்சில் முனை. 20 செ.மீ. விட்டமுள்ள பெட்டியின் சுற்றளவு சுமார் 63 செ.மீ. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ.தான். அதனால் இரண்டு பட்டை போதாது, மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். மூடியும் பக்கமும் சேர்த்து ஒரு கோட் வார்னிஷுக்கு ஏறக்குறைய 7 மி.லி. பிடிக்கும். ஐந்து கோட் அடித்தாலும் 100 மி.லி. பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். மூடி உட்காரும் விளிம்பில் 1 செ.மீ. அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அங்கே பெயின்டோ பேப்பரோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பூச்சும் சேர்ந்து அரை மி.மீ. தடித்தாலே மூடி இறங்காது. கிண்ணங்களை ஒன்றும் செய்யாமல் எவர்சில்வராகவே விடுவது என் விருப்பம்.

மரத்தில் செய்த அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் கறை பெரிய சவால். சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் குங்குமமாகச் சிவக்கும், கறை போகாது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரைவதில்லை, ஸ்பிரிட்டில் கரையும், வெயிலில் வெளுக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்து, மூன்று நாள் நல்ல வெயிலில் திறந்து வையுங்கள். மசாலா வாசனையும் பெருமளவு அதிலேயே போய்விடும்.

இட்லித் தட்டில் குழிக்குள் ஒட்டுவதற்கு, குழியின் அளவைவிட 2 செ.மீ. பெரிய வட்டமாக டிஷ்யூவை வெட்டி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி எட்டு வெட்டு வெட்டுங்கள். நடுவில் 3 செ.மீ. வெட்டாமல் இருக்கட்டும். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். துளையுள்ள தட்டென்றால் குழியின் அடியில் ஃபெல்ட் துணி வட்டம் வைக்காவிட்டால் குண்டூசியெல்லாம் கீழ்த்தட்டில் விழும். தண்டோடு சேர்த்து அடுக்கினால் மூன்று மாடி கிளிப் ஸ்டாண்டு.

காபி ஃபில்டரின் மேல்பாத்திரம் பேனாவுக்கு, கீழ்ப்பாத்திரம் அடைத்து வைக்க வேண்டியவற்றுக்கு. புதுப் பென்சிலின் நீளத்தில் பாதியாவது உள்ளே இறங்க வேண்டும், அதாவது 9 செ.மீ.க்குக் குறையாத ஆழம். அலுமினிய டம்ளரில் கத்தரிக்கோல் வைத்தால் சாய்ந்துவிடும். சின்ன பாலிதீன் பையில் மணலைக் கட்டி அடியில் வைத்து, மேலே ஃபெல்ட் வெட்டிப் போடுங்கள்.

வெயிலும் மழையும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்னிஷ் வேலை வேண்டாம். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு படத்தின் மேல் பால் தெளித்தது போல வெண்படலம் நிற்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைப்பதும் தப்பு. பாத்திரம் சூடேறி, பசை இளகி, குமிழ் எழும்பும். மின்விசிறி சுழலும் அறை நிழலே நல்லது.

வார்னிஷ் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த வகையாக (வாட்டர் பேஸ்டு) இருக்கட்டும். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக வெள்ளையை மஞ்சளாக்கும். ஒட்டி ஒரு நாள் கழித்து மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேர இடைவெளி. பிறகு 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்து, மேலும் இரண்டு கோட். நகத்தை ஓட்டிப் பார்த்தால் பேப்பர் விளிம்பு தட்டக்கூடாது. அதுவரை ஏற்றிக்கொண்டே போகலாம். கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் வார்னிஷ் இறுக மூன்று வாரம் ஆகும். அதற்குள் மூடியை மூடி வைத்தால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது படத்தோடு வரும். மூட வேண்டுமென்றால் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். குமிழ் எழும்பியிருந்தால் பிளேடால் சிறிய கீறல் போட்டு, ஊசி போடும் சிரிஞ்சால் ஒரு துளி பசையை உள்ளே விட்டு அழுத்துங்கள்.

பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கவனம் வேண்டும். கல்யாணச் சீராக வந்த சம்படத்தில், பாத்திரக்கடை மிஷின் புள்ளி புள்ளியாகக் குத்திய பெயரும் தேதியும் இருக்கும். அதை மூடிவிடாதீர்கள். முதல் உப்புத்தாள் படும் முன்பே அந்த எழுத்துகளின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒரு சின்ன ஜன்னல் அளவுக்கு வெட்டி ஒட்டிவிடுங்கள். பிரைமர், பெயின்ட், பேப்பர் எல்லாம் அந்த ஜன்னலைச் சுற்றியே வரட்டும். பசை காய்ந்தபின் ஜன்னலின் ஓரத்தில் பிளேடால் கோடு இழுத்து டேப்பை உரியுங்கள். வார்னிஷ் அடிக்கும்போது ஜன்னலுக்குள் ஒரு மி.மீ. இறங்கிப் பூசினால்தான் பேப்பரின் வெட்டு விளிம்பு மூடும். எழுத்துக் குழிகளில் வார்னிஷ் தேங்கினால், உலர்வதற்குள் பல்குச்சி நுனியால் ஒவ்வொரு புள்ளியாக எடுத்துவிடலாம்.